ஒன்றும் செய்யாவிட்டாலும் தொட்டிகள் வேறுபடும்: சோதனை வடிவமைப்பில் முதல் அடிகள்

எட்டுத் தொட்டிகளில் ஒரே பாக்கெட் விதையை, ஒரே மண்ணில், ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வாருங்கள். பன்னிரண்டாம் நாள் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நாற்று 9 செ.மீ. இருக்கும், பக்கத்தில் இருப்பது 11 செ.மீ. இருக்கும். யாரும் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் வித்தியாசம் வந்துவிட்டது.

சோதனை செய்யப் புதிதாக வருகிறவர்கள், "நான் செய்த மாற்றத்தால் என்ன வித்தியாசம் வந்தது?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். அதற்கு ஒரு படி முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும்? சோதனை வடிவமைப்பு என்று பாடப்புத்தகங்கள் அழைக்கும் இந்தத் துறையில் உள்ள முக்கால்வாசி விஷயங்கள் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிப் பிறந்தவைதான். அந்த இயல்பான வேறுபாட்டை அளக்க ஒரு வழி, குறைக்க ஒரு வழி, அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி. சூத்திரங்கள் பிறகு வரட்டும்.

கட்டுரை முழுவதும் ஒரே சோதனையைப் பிடித்துக்கொண்டு போவோம். விதையை ஊறவைத்து விதைத்தால் நாற்று உயரமாக வளருமா?

முதலில் கேள்வியைக் காகிதத்தில் எழுதுங்கள்

"ஊறவைத்தால் நன்றாக வளருமா" என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி அல்ல. எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்? எந்த நாளில் அளக்க வேண்டும்? எங்கிருந்து எதுவரை? "8 மணி நேரம் ஊறிய விதையின் நாற்று, விதைத்த 12-ஆம் நாளில், மண் மட்டத்திலிருந்து நுனி வரை, ஊறாத விதையின் நாற்றைவிட எத்தனை செ.மீ. உயரம்?" என்று எழுதினால் அது கேள்வி.

எழுதும்போதுதான் சிக்கல்கள் தலைகாட்டும். இரவில் ஊறப்போட்டுக் காலையில் விதைக்கிறோம். உலர்ந்த விதையையும் அதே காலையில் விதைக்கிறோம். அப்படியானால் ஊறிய விதைக்கு 8 மணி நேரம் முன்பே தண்ணீர் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் அது கொஞ்சம் உயரமாக இருந்தால், காரணம் ஊறியதா, முன்கூட்டியே கிளம்பியதா? உலர்ந்த விதையை முந்தைய இரவே விதைத்து ஒப்பிடலாம். அல்லது "முன்கூட்டிக் கிளம்புவதும் ஊறவைப்பதன் பலன்தான்" என்று ஏற்றுக்கொள்ளலாம். இரண்டும் சரிதான். ஆனால் எது என்பதை விதைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவில்லாத சோதனையைப் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

இரண்டு சொற்களை மட்டும் இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். நாம் வேண்டுமென்றே மாற்றுவது காரணி. அது எடுக்கும் மதிப்புகள் அதன் நிலைகள். நம் காரணி ஊறவைத்தல். அதன் நிலைகள் இரண்டு, 0 மணி நேரமும் 8 மணி நேரமும்.

பத்து நாற்று இருந்தால் பத்து சான்றுகளா?

ஒரு பெரிய தொட்டியில் ஊறிய விதைகள் ஐந்து, இன்னொரு பெரிய தொட்டியில் உலர்ந்த விதைகள் ஐந்து. பத்து நாற்றுகளை அளந்து, குழுவுக்கு ஐந்து அளவுகள் இருப்பதாகக் கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டே அலகுகள். முதல் தொட்டியின் மண் சற்று இறுகியிருந்தால் அதன் ஐந்து நாற்றுகளும் சேர்ந்தே தாழும். அவை ஒரே கதையை ஐந்து முறை சொல்லும் ஐந்து வாய்கள்.

எந்த அலகுக்கு நிலைகளைத் தனித்தனியாகப் பங்கிட்டோமோ அதுதான் சோதனை அலகு. தொட்டிக்குப் பங்கிட்டால் தொட்டி, விதைக்குப் பங்கிட்டால் விதை, வகுப்பறைக்குப் பங்கிட்டால் வகுப்பறை; உள்ளே எத்தனை மாணவர்கள் இருந்தாலும் சரி. ஒரே நாற்றை மூன்று முறை அளப்பதும் அப்படித்தான். நம் அளவுகோல் எவ்வளவு தடுமாறுகிறது என்பது அதிலிருந்து தெரியும். நாற்றுக்கு நாற்று உள்ள வேறுபாடு தெரியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இந்தப் போலித் திரும்பச்செய்தலுக்கு ஒரு பெயரும் வைத்து, அச்சேறிய ஆய்வுகளிலேயே அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டினார். ஆகவே இதில் தடுக்கி விழுந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல கூட்டத்தோடுதான் விழுந்திருக்கிறீர்கள்.

நாம் ஒரு தொட்டிக்கு ஒரு விதை என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தொட்டிகள்: நான்கில் ஊறியது, நான்கில் உலர்ந்தது.

சீட்டுக் குலுக்குங்கள், நிஜமாகவே குலுக்குங்கள்

என் முதல் சோதனையில் நான் சீட்டுக் குலுக்கவில்லை. ஊறிய விதைகளை முதலில் விதைத்தேன், விதைத்த தொட்டிகளை எடுத்துப்போய் முதலில் கண்ணில் பட்ட இடத்தில் வைத்தேன். அது ஜன்னல் ஓரம். உலர்ந்தவை அடுத்த வரிசைக்குப் போயின. பன்னிரண்டு நாள் கழித்து அருமையான வித்தியாசம் கிடைத்தது. அது தண்ணீரின் வேலையா வெளிச்சத்தின் வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இரண்டு காரணங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோனால் பிறகு பிரிக்க முடியாது.

எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்காட்லாந்தில் 1930-இல் நடந்த லானர்க்‌ஷயர் பால் சோதனையைச் சொல்வேன். பள்ளியில் பால் கொடுத்தால் குழந்தைகள் கூடுதலாக வளர்கிறார்களா என்று பார்க்க, 67 பள்ளிகளில் 20,000 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 10,000 பேருக்குப் பால், 10,000 பேருக்கு இல்லை. குழந்தைகளைப் பிரிக்கும்போது ஒரு குழுவில் ஊட்டமான குழந்தைகளோ மெலிந்த குழந்தைகளோ அதிகம் வந்துவிட்டால் ஆளை மாற்றிச் சமன் செய்யலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. விளைவு, தொடக்கத்திலேயே பால் பெறாத குழு உயரத்திலும் எடையிலும் மேலே இருந்தது. மெலிந்த குழந்தையைக் கண்டால் பால் கிடைக்கும் பக்கம் தள்ளத்தானே மனம் வரும்? 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் வில்லியம் கோசெட் மறு ஆண்டே இதை அலசி, ஒற்றைக் கரு இரட்டையர் 50 ஜோடிகளை வைத்துச் செய்திருந்தால் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார். இருபதாயிரம் பேரைவிட நூறு பேர் மேல்! கெட்ட எண்ணம் எதுவும் அங்கே இல்லை, இரக்கம்தான் இருந்தது. சீட்டுக்கு இரக்கம் கிடையாது என்பதால்தான் நமக்குச் சீட்டு வேண்டும்.

செய்யும் முறை எளிது. தொட்டி வைக்கும் எட்டு இடங்களுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். ஒரே அளவில் கிழித்த எட்டுச் சீட்டுகளில் நான்கில் 'ஊறியது', நான்கில் 'உலர்ந்தது' என்று எழுதி, மடித்து, ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றை எடுங்கள். எடுத்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் சமவாய்ப்பு எண்களை எடுத்தாலும் ஒன்றுதான். கைக்கு வந்தபடி எடுத்து வைப்பது குலுக்கல் ஆகாது, ஒன்றுவிட்டு ஒன்று வைப்பதும் ஆகாது. வந்த பங்கீடு பார்க்க அழகாக இல்லை என்று மறுபடி குலுக்குவதும் கூடாது. அது அந்த ஆசிரியர்கள் செய்ததேதான்.

குலுக்கிய சீட்டே கணக்கையும் தருகிறது

சமவாய்ப்பு முறையில் பங்கிடுவது நேர்மைக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு, அதை இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஊறியவை: 12.0, 11.2, 10.4, 9.9. உலர்ந்தவை: 10.1, 9.5, 9.1, 8.8. முதல் குழுவின் சராசரி 10.875, இரண்டாவதன் சராசரி 9.375. வித்தியாசம் 1.5 செ.மீ.

இப்போது அவநம்பிக்கையோடு யோசியுங்கள். ஊறவைத்ததால் எந்தப் பயனும் இல்லை, இந்த எட்டு நாற்றுகளும் எப்படியும் இதே உயரத்துக்குத்தான் வளர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்படியானால் எந்த நான்கு தொட்டிகள் 'ஊறியது' என்ற சீட்டைப் பெற்றன என்பது வெறும் குலுக்கலின் விளையாட்டு. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு, குலுக்கலில் 70-க்கும் ஒரே வாய்ப்பு. அந்த 70 பங்கீடுகளில் எத்தனையில் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வரும்?

ஊறிய குழுவின் கூட்டுத்தொகை 43.5. மிக உயரமான நான்கையும் (12.0, 11.2, 10.4, 10.1) சேர்த்தால் 43.7. நமக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. வேறு எந்த நான்கைச் சேர்த்தாலும் 43.2-ஐத் தாண்டாது. ஆக, 70-இல் இரண்டு பங்கீடுகள்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம் தருகின்றன. 2/70, ஏறத்தாழ 2.9%. ஊறவைப்பது வளர்ச்சியைக் குறைக்கவும் கூடும் என்று தொடக்கத்திலேயே கருதியிருந்தால் எதிர்ப்பக்கத்தையும் எண்ண வேண்டும். அப்போது 4/70, ஏறத்தாழ 5.7%. எந்தக் கணக்கு என்பதை எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். வெறும் குலுக்கலால் இப்படி வரும் வாய்ப்பு 5%-க்குள் இருந்தால்தான் சான்றாக ஏற்பது வழக்கம். அந்த 5% எல்லைக்கு ஒன்று உள்ளே விழுகிறது, மற்றது வெளியே.

இதில் புள்ளியியல் பாடங்களில் வழக்கமாக வரும் மணிவடிவ வளைகோடு எங்காவது வந்ததா? வரவில்லை. சீட்டுக் குலுக்கியது ஒன்றே இந்தக் கணக்குக்கு ஆதாரம். குலுக்காதவர் இந்த 70-ஐச் சொந்தம் கொண்டாட முடியாது.

இந்த வழியை உலகுக்குப் பழக்கியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்தவர். 1935-இல் வெளியிட்ட நூலில் ஒரு தேநீர்ச் சோதனையை விவரித்தார். பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், வகைக்கு நான்கு, குலுக்கிய வரிசை. ஒன்றும் தெரியாதவர் எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 1/70. ஒவ்வொரு வகையிலும் ஒன்று தவறி மூன்று சரியாக இருந்தால்? அதற்கு 16 வழிகள். முழுவதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17/70, அதாவது 24%. ஒன்று பிசகினாலே சான்று கரைந்துவிடுகிறது. ஆறு கோப்பைகள் என்றால் மொத்த வழிகளே 20. முழு மதிப்பெண் வாங்கினாலும் 5%. எத்தனை கோப்பைகள் வேண்டும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே இப்படிக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எத்தனை தொட்டிகள்?

ஒன்றும் செய்யாத தொட்டிகளைத் தொடக்கத்தில் வளர்க்கச் சொன்னேன் அல்லவா, அது இப்போது கைகொடுக்கும். அந்த உயரங்களின் திட்ட விலக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவை, கண்டுபிடியுங்கள். 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எவ்வளவு சின்ன வித்தியாசம்வரை உங்களுக்கு முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், புள்ளியியல் சொல்லாது.

மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு ஒன்று: திட்ட விலக்கத்தைத் தேடும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு குழுவுக்கு வேண்டிய அலகுகள். 5% எல்லையில், அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் 100-க்கு 80 முறை பிடித்துவிடலாம் என்ற அளவுக்கு இது போதும். 1 செ.மீ. வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 16 தொட்டிகள். அரை செ.மீ.க்கு 64. வித்தியாசம் பாதியானால் தொட்டிகள் நான்கு மடங்கு. குழுவுக்கு நான்கே தொட்டிகள் வைத்திருந்தால் 2 செ.மீ. வித்தியாசம்கூட நழுவிப்போகலாம், சிறிய எண்ணிக்கைகளுக்கு இந்தச் சூத்திரம் சற்று தாராளமாகவே பேசுகிறது. நான்கு தொட்டிகளை வைத்துவிட்டு "வித்தியாசம் ஏதும் இல்லை" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் எழுத வேண்டியது "எங்களால் பார்க்க முடியவில்லை" என்பதுதான்.

தெரிந்த வேறுபாட்டை ஏன் சீட்டுக்கு விட வேண்டும்?

ஜன்னல் ஓரம் வெளிச்சம் அதிகம் என்பது எனக்கு முன்பே தெரியும். குலுக்கலில் ஊறியவை மூன்று ஜன்னல் பக்கம் விழலாம். விழுந்தால் கணக்கு பொய்யாகாது, ஆனால் தேவையில்லாத சிதறல் கூடும். எனவே தொட்டிகளை இரண்டிரண்டாக, ஒரே வெளிச்சம் உள்ள இடங்களில் ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் நாணயம் சுண்டி எது ஊறியது என்று முடிவு செய்யலாம். ஜோடிக்குள் மட்டும் ஒப்பிடுவதால் வெளிச்சத்தின் பங்கு கழிந்துவிடும். இந்த ஜோடிதான் தொகுதி. மூன்று நிலைகள் இருந்தால் மும்மூன்றாகச் சேர்க்க வேண்டும். இரண்டு திசைகளிலும் வேறுபாடு இருந்தால் இலத்தீன் சதுரம் என்ற அமைப்பு உண்டு: ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒரே முறை வரும்.

ஜோடி சேர்ப்பதில் யாரும் எச்சரிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. நான்கு ஜோடிகளுக்கு நாணயம் சுண்டினால் மொத்தப் பங்கீடுகள் 16 மட்டுமே, 70 அல்ல. நான்கு ஜோடிகளிலும் ஊறியதே உயர்ந்தாலும் 1/16, அதாவது 6.25%. எவ்வளவு பெரிய வெற்றி கிடைத்தாலும் இந்த வழியில் எண்ணி 5%-க்குக் கீழே போக முடியாது. குறைந்தது ஐந்து ஜோடிகள் வேண்டும் (1/32). ஆறு இருந்தால் நிம்மதி (1/64).

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அந்த விதி எவ்வளவு இழப்பைத் தருகிறது என்பதற்கு ஒரு தராசு போதும். இரண்டு பொருள்களின் எடை வேண்டும், நிறுக்க இரண்டே வாய்ப்பு. ஆளுக்கு ஒரு முறை நிறுத்தால் ஒவ்வோர் எடையிலும் தராசின் பிழை முழுதாகச் சேரும். அதற்குப் பதில் முதலில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கூட்டுத்தொகையை அறியுங்கள். அடுத்து ஆளுக்கு ஒரு தட்டில் வைத்து வித்தியாசத்தை அறியுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றின் எடை, கழித்துப் பாதியாக்கினால் மற்றதன் எடை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை நிறுத்த துல்லியம் கிடைத்துவிடும், நிறுத்தது என்னவோ மொத்தம் இரண்டே முறை. புள்ளியியலாளர் ஹரால்ட் ஹோட்டலிங் 1944-இல் இதை விரிவாக எழுதினார்.

தொட்டிகளுக்கும் இதே தந்திரம் பொருந்தும். ஊறவைத்தலோடு விதைக்கும் ஆழத்தையும் காரணியாக்குவோம், 1 செ.மீ. அல்லது 3 செ.மீ. நான்கு சேர்க்கைகள், சேர்க்கைக்கு நான்கு தொட்டிகள், மொத்தம் 16. ஊறியதற்கும் உலர்ந்ததற்கும் ஒப்பீடு எட்டுக்கு எட்டு. ஆழத்துக்கும் எட்டுக்கு எட்டு. ஒவ்வொரு தொட்டியும் இரண்டு கேள்விகளுக்கும் உழைக்கிறது. தனித்தனிச் சோதனைகளாகச் செய்தால் இதே துல்லியத்துக்கு 32 தொட்டிகள் வேண்டும். ஒப்பீட்டுக் குழுவைப் பொதுவாக வைத்தாலும் 24.

சேமிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சராசரி உயரங்கள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. ஆழத்தில் உலர்ந்தது 10, ஊறியது 11. 3 செ.மீ. ஆழத்தில் உலர்ந்தது 6, ஊறியது 11. மேலாக விதைத்தால் ஊறவைப்பதன் பலன் 1 செ.மீ.; ஆழமாக விதைத்தால் 5 செ.மீ. "ஊறவைத்தால் எவ்வளவு பலன்?" என்பதற்கு ஒற்றை விடை கிடையாது, ஆழத்தைச் சொன்னால்தான் விடை உண்டு. சராசரியாக 3 என்று சொல்லலாம், ஆனால் அந்த 3 எந்தத் தொட்டியிலும் நடக்கவில்லை. இதைத்தான் இடைவினை என்கிறோம். ஒவ்வொன்றாக மாற்றுகிறவர் 1 செ.மீ. ஆழத்தில் தொடங்கி, ஊறவைப்பதால் சொற்பப் பலன் என்று அதைக் கைவிட்டு, பிறகு உலர்ந்த விதையை ஆழமாக விதைத்து, ஆழம் கெடுதல் என்று முடித்திருப்பார். ஆழமும் ஊறலும் சேர்ந்த தொட்டியை அவர் விதைத்திருக்கவே மாட்டார்.

காரணிகள் கூடினால் சேர்க்கைகள் பெருகும். இரண்டு நிலைகள் கொண்ட ஏழு காரணிகளுக்கு 128. அவற்றில் கவனமாகப் பொறுக்கிய 8 சேர்க்கைகளை மட்டும் வைத்தே ஏழு காரணிகளின் முதன்மை விளைவுகளையும் (ஒவ்வொரு காரணியும் சராசரியாகத் தரும் மாற்றத்தை) மதிப்பிட முடியும். இடைவினைகள் சிறியவை என்ற நம்பிக்கைதான் அதற்கான விலை. 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் உருவாக்கிய செங்குத்து அணிகள் (எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் நிலைகள் சம எண்ணிக்கையில் சேர்ந்து வரும் அட்டவணைகள்) இந்தப் பொறுக்கலுக்கு அடித்தளம். அது அடுத்த கட்டம். இரண்டு காரணிகளோடு கை பழகட்டும்.

விதைத்த பிறகு

அளப்பவருக்கு எந்தத் தொட்டி எது என்று தெரியாமல் இருப்பது நல்லது. தொட்டியில் எண்ணை மட்டும் ஒட்டி, எண்ணுக்கும் நிலைக்குமான பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். வளைந்து நிற்கும் நாற்றை நிமிர்த்தி அளப்பதா, நின்றபடியே அளப்பதா என்ற சந்தேகம் வரும்போது, பட்டியல் தெரிந்த கை தானாகவே தனக்குப் பிடித்த பக்கம் நிமிர்த்தும். நிமிர்த்துவதா வேண்டாமா என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். அளக்கும் வரிசையையும் குலுக்கிவிடுங்கள். எட்டாவது நாற்றை அளக்கும்போது கண் சோர்ந்திருக்கும்.

ஒரு தொட்டியில் நாற்றே வரவில்லை என்றால் என்ன செய்வது? பூனை தட்டிவிட்ட தொட்டி என்றால் காரணத்தைக் குறித்துவிட்டு விட்டுவிடலாம். பூனைக்கு எது ஊறிய விதை என்று தெரியாது. ஆனால் ஊறிய விதை அழுகி முளைக்காமல் போயிருந்தால் அதைத் தள்ளிவிட்டு மிச்சம் மூன்றின் சராசரியை எடுக்கக் கூடாது. மிச்சம் இருப்பவை பிழைத்தவை மட்டும். அவை உயரமாகத்தான் இருக்கும். ஊறவைத்ததன் விளைவுகளில் அழுகலும் ஒன்று. குறிப்பேட்டு அட்டவணையில் உயரத்துக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதன் பக்கத்தில் 'முளைத்ததா' என்று இன்னொரு பத்தியை விதைக்கும் நாளிலேயே கோடு போட்டு வைத்துவிடுங்கள்.